தாய்லாந்தில் ஓய்வுக்காலம்: எந்த நீண்டகால விசாவை எடுப்பது?

ஐம்பது வயதைத் தாண்டியவர் தாய்லாந்தில் வருடக்கணக்கில் தங்க ஒன்றல்ல, ஐந்து வழிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் எந்த விசா சீக்கிரம் கிடைக்கும், எதற்குக் கட்டணம் குறைவு என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பத்து வருடம் கழித்து, 72 வயதில், மருத்துவக் காப்பீடு கிடைக்காமல் திண்டாடும்போதுதான் தொடக்கத்தில் எடுத்த விசாவே தவறு என்று தெரியவருகிறது. எனவே இந்த வழிகாட்டியை 75 வயதில் இருக்கப்போகும் உங்களை மனதில் வைத்துப் படியுங்கள். 60 வயதில் எல்லா விசாவும் சுலபமாகத்தான் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பணத்தைத் தாய்லாந்து வங்கியில் போட்டு வைக்க முடியுமா? 70க்கு மேலும் காப்பீடு கிடைக்குமா, கிடைத்தாலும் பிரீமியம் கட்டுப்படியாகுமா? உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு

இந்த ஒன்று பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விசா என்பது நாட்டுக்குள் வருவதற்கான அனுமதி. எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதைச் சொல்வது, விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரை. ஓய்வுக்கால விசாவில் பத்து வருடமாக இருக்கிறேன் என்பவரிடம் பெரும்பாலும் விசாவே இருக்காது. 90 நாள் விசாவில் வந்து, இமிகிரேஷன் அலுவலகத்தில் வருடாவருடம் தங்கும் காலத்தை நீட்டித்துக்கொண்டே போயிருப்பார். அந்த நீட்டிப்புக்கு ஒரு நிபந்தனை, தூதரகம் தரும் ஒரு வருட விசாவுக்கு இன்னொரு நிபந்தனை. முன்னதில் காப்பீடு கேட்பதில்லை, பின்னதில் கேட்கிறார்கள்.

நான்-ஓ: பெரும்பாலோருக்குப் பொருந்துவது

குடியேறாதோர் விசாவில் 'ஓ' வகை இது. முதலில் 90 நாள் தருவார்கள். அந்த 90 நாள் முடிவதற்குள், ஓய்வு பெற்றவர் என்ற அடிப்படையில் ஒரு வருட நீட்டிப்பு வாங்க வேண்டும். ஒருமுறை உள்ளே வரும் விசாவுக்குக் கட்டணம் 2,000 பாட். ஒவ்வொரு வருட நீட்டிப்புக்கும் 1,900 பாட்.

பணத் தகுதியை மூன்று விதமாகக் காட்டலாம். உங்கள் பெயரில் மட்டும் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அல்லது சேமிப்பும் ஆண்டு வருமானமும் சேர்ந்து 8 லட்சம் பாட். மூன்றாவதை எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி கையாள்வதில்லை. முடிந்தவரை முதலாவதற்கே போங்கள்.

8 லட்சத்தைப் போட்டால் மட்டும் போதாது, அது எத்தனை நாள் இருந்தது என்றும் பார்ப்பார்கள். 2019 மார்ச் முதல் உள்ள விதி இது: விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் முழுதாக 8 லட்சம் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பின் 3 மாதம் அதைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு 4 லட்சம் வரை எடுக்கலாம். அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே மறுபடி 8 லட்சத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

தேதி வைத்துப் பார்ப்போம். உங்கள் முத்திரை நவம்பர் 10 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 30 நாளில் விண்ணப்பிக்கலாம், ஆகவே அக்டோபர் 12 வாக்கில் போகலாம். அதற்கு ஆகஸ்ட் 10க்குள்ளாவது கணக்கில் 8 லட்சம் நிறைந்திருக்க வேண்டும். அக்டோபர் 15இல் அனுமதி கிடைத்தால் ஜனவரி 15 வரை 8 லட்சத்தில் கை வைக்கக் கூடாது. ஜனவரி 16 முதல் அடுத்த ஆகஸ்ட் தொடக்கம் வரை 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, வருடத்தில் ஆறேழு மாதம்தான் அந்த மேல் 4 லட்சம் உங்கள் கைக்கு வரும். இதில் தவறுகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒரே ஒரு நாள், ஆஸ்பத்திரி பில்லுக்கோ வீட்டு முன்பணத்துக்கோ 20,000 பாட் எடுத்து, மறுநாளே திருப்பிப் போட்டுவிடுவார்கள். பாஸ்புக்கில் 7,80,000 என்று ஒரு வரி பதிவாகிவிடும். அடுத்த வருடம் அந்த வரியைக் காட்டித்தான் நிராகரிப்பார்கள். செலவுக்கு வேறு வங்கியில் இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 லட்சம் இருக்கும் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்காமல் இருப்பது நல்லது. 8,20,000 ஆகப் போட்டு வைத்தால் வங்கிக் கட்டணம் பிடித்தாலும் கீழே போகாது. தாய்லாந்தில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பாட் வரை வைப்புத்தொகைக் காப்பு உண்டு என்பதால் இந்தத் தொகை அதற்குள் அடங்கிவிடும்.

மாதம் 65,000 பாட் என்ற வழி ஓய்வூதியக்காரர்களுக்கு இனிப்பாகத் தெரியும். இங்கே சறுக்குவது மாற்று விகிதத்தில். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதம் 64,700 என்று விழுந்தால் அந்த வருடக் கணக்கே கெட்டுவிடும். இந்த வழியில் போகிறவர்கள் 70,000க்குக் குறையாமல் வருமாறு அனுப்ப வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வங்கிப் பதிவில் தெரியவும் வேண்டும். சில பணப் பரிமாற்றச் செயலிகள் வழி அனுப்பினால் கடைசிக் கட்டத்தில் உள்நாட்டுப் பரிமாற்றம் என்றே பதிவாகும், அது செல்லாது. முதல் முறை அனுப்பியதுமே பாஸ்புக்கில் எந்தக் குறியீடு விழுந்தது என்று கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். வருமானத்துக்குத் தூதரகக் கடிதம் காட்டலாம் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் 2019 தொடக்கத்திலிருந்தே அந்தக் கடிதத்தைத் தருவதில்லை. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வங்கிப் பதிவு ஒன்றே வழி.

முதல் வருடத்தில் நாள் மிகவும் நெருக்கடியாக இருக்கும். 90 நாள் விசாவில் வந்து இறங்குகிறீர்கள். வங்கிக் கணக்கு திறக்க ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். அதன் பிறகு ஊரிலிருந்து பணம் வர வேண்டும். வந்த நாளிலிருந்து 2 மாதம் கணக்கில் இருக்க வேண்டும். அதாவது இறங்கிய 25ஆம் நாளுக்குள் 8 லட்சமும் வந்து சேர்ந்தால்தான் 85ஆம் நாளில் விண்ணப்பிக்க முடியும். 35ஆம் நாள் வந்தால் கணக்கு உதைக்கும். எனவே பணம் அனுப்ப வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுற்றுலாப் பயணியாக வந்துவிட்டு உள்ளேயே நான்-ஓவாக மாற்றுவதும் சாத்தியம்தான். தங்கும் காலத்தில் குறைந்தது 15 நாள் மீதம் இருக்க வேண்டும். பாங்காக்கில் 21 நாள் கேட்பார்கள். இதில் உள்ள சிக்கல், மாற்றுவதற்கு வங்கிக் கணக்கு வேண்டும், சுற்றுலாப் பயணிக்கு வங்கிகள் கணக்கு திறக்கத் தயங்குகின்றன என்பதுதான். ஊரிலிருந்தே நான்-ஓ வாங்கிக்கொண்டு வருவது சிரமம் குறைந்த வழி. 2025 ஜனவரி 1 முதல் எல்லாத் தூதரகங்களுக்கும் விண்ணப்பம் இணையவழி இ-விசா தளத்தில்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் விண்ணப்பம் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்கும், இலங்கையிலிருந்து போகிறவர்களுடையது கொழும்பில் உள்ள தூதரகத்துக்கும் போகும்.

ஓ-ஏ: பார்க்க அழகு, பின்னால் சுமை

ஓ-ஏ விசாவை நாட்டுக்கு வெளியே, நீங்கள் வசிக்கும் நாட்டில் உள்ள தூதரகத்தில் வாங்க வேண்டும். இதன் கவர்ச்சி, 8 லட்சம் பாட்டுக்குச் சமமான பணத்தை உங்கள் ஊர் வங்கியிலேயே வைத்துக் காட்டலாம் என்பது. தாய்லாந்துக்கு ஒரு காசு அனுப்ப வேண்டாம். ஒரு வருட விசா, எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வரலாம், ஒவ்வொரு முறையும் ஒரு வருட முத்திரை. விசா காலாவதியாவதற்குச் சற்று முன் ஒருமுறை வெளியே போய் வந்தால் ஏறத்தாழ இரண்டு வருடம் ஓட்டிவிடலாம்.

கேட்கும் ஆவணங்கள்: காவல்துறையின் நற்சான்று (இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பாஸ்போர்ட் சேவா வழியாகப் பிசிசி), தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப்பழக்கம், மூன்றாம் நிலை சிபிலிஸ் இல்லை என்ற மருத்துவச் சான்று, வங்கிச் சான்று, காப்பீடு. சான்றுகள் மூன்று மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்கட்டும்.

அந்தக் காப்பீட்டில்தான் விஷயம் இருக்கிறது. 2019 அக்டோபர் 31 முதல் ஓ-ஏ விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முதலில் உள்நோயாளிக்கு 4 லட்சம் பாட், வெளிநோயாளிக்கு 40,000 பாட் என்று இருந்தது. 2021 அக்டோபரில் அது 1,00,000 அமெரிக்க டாலர் ஆனது. தொகை மாறும் இயல்புடையது என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் உங்கள் தூதரகப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொகை எவ்வளவாக இருந்தாலும், உள்ளே வந்தபின் ஓ-ஏ அடிப்படையில் வருட நீட்டிப்பு வாங்கும்போதும் காப்பீடு கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்தும்போதுகூட, காப்பீடு எத்தனை மாதம் மீதம் இருக்கிறதோ அதுவரைதான் அனுமதி.

70 வயதுக்கு மேல் புதிதாகக் காப்பீடு எடுப்பது கடினம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குப் பிரீமியம் ஏறும், அல்லது அந்த நோய்களையே விலக்கிவிட்டுப் பாலிசி தருவார்கள். விசாவுக்காக மட்டும் ஒன்றுக்கும் உதவாத பாலிசிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பது வீண். ஏற்கெனவே ஓ-ஏவில் இருந்துகொண்டு இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு: ரீ-என்ட்ரி அனுமதி (வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்குவது) வாங்காமல் நாட்டை விட்டு வெளியே போய், ஓ-ஏ தங்கும் அனுமதியை முடியவிட்டு, புதிதாக நான்-ஓ எடுத்து உள்ளே வருவது. அதன் பிறகு வரும் நீட்டிப்புகள் நான்-ஓ அடிப்படையில் போகும், காப்பீடு கேட்க மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்-ஓவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு இதய அடைப்புச் சிகிச்சை அந்த 8 லட்சத்தை விழுங்கிவிடும், அதோடு விசாவும் போகும். காப்பீடு கிடைக்காதவர்கள் விசாவுக்கான 8 லட்சத்தைத் தவிர, அவசரத்துக்கென்று இன்னொரு தொகையைத் தனியே ஒதுக்கி வைத்தால்தான் இங்கே குடியேறலாம். அது முடியாதென்றால், வருடத்தில் சில மாதம் வந்து தங்கிவிட்டுத் திரும்புவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஓ-எக்ஸ்: புலம்பெயர்ந்த தமிழர்கள் கவனிக்க வேண்டியது

5 வருடம், மேலும் 5 வருடம் என்று பத்து வருடம் தரும் விசா. 14 நாட்டுப் பாஸ்போர்ட்களுக்கு மட்டுமே: ஜப்பான், ஆஸ்திரேலியா, டென்மார்க், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, நார்வே, சுவீடன், சுவிட்சர்லாந்து, பிரிட்டன், கனடா, அமெரிக்கா. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பட்டியலில் இல்லை. டொரண்டோவிலோ ஆஸ்லோவிலோ சூரிச்சிலோ முப்பது வருடம் வாழ்ந்து குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர்களுக்கு இது திறந்திருக்கிறது.

தேவை 30 லட்சம் பாட் வங்கி வைப்பு. இல்லையேல் 18 லட்சம் பாட் வைப்பும் ஆண்டுக்கு 12 லட்சம் பாட் வருமானமும் காட்டி, ஒரு வருடத்துக்குள் வைப்பை 30 லட்சமாக்க வேண்டும். முதல் வருடம் முழுதும் தொடக் கூடாது, பிறகு 15 லட்சத்துக்குக் குறையக் கூடாது. விசாக் கட்டணம் 10,000 பாட். காப்பீடு இதற்கும் உண்டு. வருடாவருடம் இமிகிரேஷன் வரிசையில் நிற்பது மிச்சம் என்பதற்காக 15 லட்சத்தை முடக்குவது லாபமா என்பது அவரவர் கணக்கு. காப்பீட்டுக்கு வழியுள்ள, அறுபதுகளில் இருக்கும் தம்பதிக்குச் சரி. எழுபதைத் தாண்டியவருக்கு நான்-ஓதான் மேல்.

எல்டிஆர்: வருமானம் பெரிதாக உள்ளவர்களுக்கு

2022 செப்டம்பர் 1இல் தொடங்கிய நீண்டகாலக் குடியிருப்போர் விசா. முதலீட்டு வாரியம் கையாள்கிறது. ஓய்வூதியர் பிரிவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், உழைக்காமல் வரும் வருமானம் (ஓய்வூதியம், வாடகை, வட்டி, பங்காதாயம்) வருடத்துக்கு 80,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். 40,000 டாலருக்கு மேல், 80,000க்குக் கீழ் என்றால் தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீடு செய்ய வேண்டும்: அரசுக் கடன் பத்திரம், நிறுவன முதலீடு, அல்லது வீடு. காப்பீடு 50,000 டாலருக்கு இருந்தால் போதும். காப்பீடு கிடைக்காதவர் 1,00,000 டாலர் வங்கியில் 12 மாதமாக இருந்ததைக் காட்டினாலும் ஏற்பார்கள். வயதானவர்களுக்கு இந்த மாற்று வழி பெரிய நிம்மதி.

பத்து வருடத்துக்குக் கட்டணம் 50,000 பாட். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பது இங்கே வருடத்துக்கு ஒருமுறை. வெளியே போய்வர ரீ-என்ட்ரி அனுமதி தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரிவிலக்கும் உண்டு. இந்தத் தகுதி இருப்பவர் வேறெதையும் பார்க்கவே வேண்டாம். அரசு ஓய்வூதியம் மட்டும் வாங்குகிறவருக்கு எட்டாத உயரம் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

ப்ரிவிலெஜ் அட்டையும் டிடிவியும்

தாய்லாந்து ப்ரிவிலெஜ் என்பது சந்தா கட்டி உறுப்பினராவது. வயது வரம்பு இல்லை, வங்கி வைப்பு கேட்பதில்லை, காப்பீடு கேட்பதில்லை. கோல்ட் 5 வருடத்துக்கு 9 லட்சம் பாட், பிளாட்டினம் 10 வருடத்துக்கு 15 லட்சம், டயமண்ட் 15 வருடத்துக்கு 25 லட்சம், ரிசர்வ் 20 வருடத்துக்கு 50 லட்சம். இவற்றுக்குக் கீழே 6.5 லட்சத்துக்கு ப்ரோன்ஸ் (வெண்கலம்) என்ற 5 வருட அட்டையையும் குறிப்பிட்ட காலத்துக்கென்று விற்பதுண்டு. கட்டிய பணம் திரும்பாது. நான்-ஓவில் 8 லட்சமும் கடைசிவரை உங்களுடையது. கோல்டில் வருடத்துக்கு 1,80,000 பாட் கரைகிறது. ஐம்பது வயது ஆகாதவர்களுக்கும், வங்கிக் கணக்கைப் பற்றிய கவலையே வேண்டாம் என்பவர்களுக்கும் பொருந்தும். 90 நாள் அறிவிப்பு இதிலும் உண்டு.

டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) 2024 ஜூலையில் வந்தது: 5 வருடம், ஒவ்வொரு முறையும் 180 நாள், 5 லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும், அடிப்படைக் கட்டணம் 10,000 பாட். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள், தாய் சமையல், குத்துச்சண்டை போன்றவற்றைக் கற்பவர்கள், மருத்துவச் சிகிச்சைக்கு வருபவர்கள் ஆகியோருக்கானது. ஓய்வு பெற்றிருப்பது இதற்கு ஒரு காரணமே அல்ல. பேருக்கு ஒரு வகுப்பில் சேர்ந்து ஓய்வுக்காலத்தை இதில் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்தியாவிலிருந்து பணம் கொண்டுபோவது

8 லட்சம் பாட் என்பது இந்திய ரூபாயில் 20 லட்சத்தைத் தாண்டும். இந்தியாவில் வசிப்பவராக இருந்து அனுப்பும்போது ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வரம்பு. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20% டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடிப்பார்கள். 22 லட்சம் அனுப்பினால் 12 லட்சத்துக்கு 2,40,000 ரூபாய் பிடித்தம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை கையில் இல்லை. கிளம்பும் தேதியை மார்ச் நடுவில் அமைத்துக்கொண்டால் பாதியை மார்ச் இறுதியிலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் அனுப்பலாம், பிடித்தம் பெருமளவு குறையும். முன்பு சொன்ன 25 நாள் கெடுவுக்குள் இரண்டு தவணையும் வந்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

குடியேறி, சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்றியாக வேண்டும். ஓய்வூதியமும் வீட்டு வாடகையும் அதில்தான் வர வேண்டும். என்ஆர்ஓவிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆடிட்டர் சான்று கேட்பார்கள். மாதம் 65,000 பாட் வழியைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சான்றும் கட்டணமும் பெரிய இடைஞ்சல். ஓய்வூதியர்களுக்கு இன்னொன்று: வாழ்வுச் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கலாம்.

தாய்லாந்து வரியையும் பார்த்துவிடுங்கள். ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்தால் நீங்கள் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானம் வரிக்கு உட்படும். 2024க்கு முன் ஈட்டிச் சேமித்ததற்கு வரி இல்லை. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்று உங்கள் வங்கிகளில் என்ன இருப்பு இருந்தது என்பதற்கான சான்றை இப்போதே எடுத்து வையுங்கள். 8 லட்சம் பாட்டும் அந்தப் பழைய சேமிப்பிலிருந்து வந்தது என்று அதை வைத்துத்தான் காட்ட முடியும். அரசு வேலை செய்து பெறும் இந்திய ஓய்வூதியத்துக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவில்தான் வரி.

பெயர், இனிஷியல், கல்யாணச் சான்று

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்தெழுதப்பட்டிருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஓய்வூதியப் புத்தகத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். தாய்லாந்து வங்கியில் கணக்கு திறக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். பாஸ்புக் கையில் வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் சரிபாருங்கள். ஊரிலிருந்து அனுப்பும் பணமும் அதே பெயருக்கு வர வேண்டும்.

மனைவியோ கணவரோ சார்ந்திருப்பவராக வரலாம். அவருக்குத் தனியாக 8 லட்சம் வேண்டாம், திருமணச் சான்று போதும். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன் மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்கள் பலரிடம் அழைப்பிதழும் ஆல்பமும்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு தாய்லாந்துத் தூதரகத்தின் சான்றொப்பம். இதற்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டில் 18 மாதமாவது மீதம் இருக்கட்டும். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி நீட்டிப்பு தர மாட்டார்கள்.

நீட்டிப்பு வாங்கும் நாள்

காலை 8.30க்கு வங்கிக் கிளை திறக்கும்போது அங்கே இருங்கள். 100 பாட் கணக்கில் போட்டு பாஸ்புக்கில் அன்றைய தேதியை அச்சிட வைக்கவும். அதே கவுன்ட்டரில் இமிகிரேஷனுக்கான வங்கிக் கடிதம் கேட்டால் 100, 200 பாட்டில் கிடைக்கும். இரண்டாம் வருடத்திலிருந்து 12 மாதக் கணக்கு விவரமும் கேட்பார்கள், சில வங்கிகளில் அது வர சில நாள் ஆகும் என்பதால் முன்பே எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் பெயர், கணக்கு எண், தொகை மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: டி.எம்.7 படிவம், 4க்கு 6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, கடைசியாக உள்ளே வந்த முத்திரை, கடைசி நீட்டிப்பு ஆகியவற்றின் நகல், பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களின் நகல், வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், டி.எம்.30 ரசீது, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்து. பாங்காக்கில் என்றால் சேங் வட்டனாவில் உள்ள அரசு வளாகம், பட்டாயாவில் ஜோம்தியன் அலுவலகம். பகல் 12 முதல் 1 வரை மூடிவிடுவார்கள். 11.30க்குப் போய் டோக்கன் வாங்கினால் பெரும்பாலும் சாப்பாட்டு நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான்.

டி.எம்.30 இல்லாமல் திரும்பி வருகிறவர்கள் நிறைய. அது வீட்டுக்காரர் செய்ய வேண்டியது: வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிப்பது. வாடகை பேசும்போதே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, செய்து தருவாரா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

8 லட்சத்தை நாங்களே கணக்கில் காட்டித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்ட்களிடம் போகாதீர்கள். அது பொய்யான ஆவணம். பிடிபட்டால் நாடு கடத்தலும் தடையும் உங்களுக்குத்தான், அவர்களுக்கு அல்ல.

வாங்கிய பின் மறக்கக் கூடாதவை

90 நாள் தொடர்ந்து இருந்தால், முகவரி தெரிவிக்கும் டி.எம்.47 படிவம் கொடுக்க வேண்டும். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்வரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். நாட்டை விட்டுப் போய்த் திரும்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

வெளியே போகும் முன் ரீ-என்ட்ரி அனுமதி, டி.எம்.8 படிவம்: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். இது இல்லாமல் விமானம் ஏறினால், அந்த நிமிடமே வருட நீட்டிப்பு ரத்து. ஊரில் சாவு விழுந்து நடுராத்திரியில் கிளம்புகிறவர்கள்தான் இதை மறக்கிறார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே வாங்க வழி உண்டு என்றாலும், வயதான பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ ஊரில் உள்ளவர்கள் நீட்டிப்பு வாங்கும் அதே நாளில் பலமுறை அனுமதியையும் எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது மின்னணு வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள், இணையத்தில் நிரப்ப வேண்டும். இது 2025 மே 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம், கட்டணம் கிடையாது.

முத்திரைத் தேதி தாண்டினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. தானாக வந்து ஒப்புக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் என்றால் ஒரு வருடத் தடை. சோதனையில் பிடிபட்டால் ஒரே நாள் தாண்டியிருந்தாலும் ஐந்து வருடத் தடை.

துணைவருக்கான ஏற்பாடு

சார்ந்திருப்பவர் என்ற பெயரில் தங்கும் மனைவியின் அனுமதி, கணவரின் அனுமதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கணவர் இறந்தால் அவருடைய அனுமதியோடு அவள் அனுமதிக்கும் ஆதாரம் போய்விடும். வங்கியும் கணக்கை முடக்கிவிடும், நீதிமன்றம் உயில் நிறைவேற்றுநரை நியமித்த பிறகுதான் பணம் வெளியே வரும். துக்கத்தோடு துக்கமாக விசாவும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலை.

ஆகவே வசதி உள்ளவர்கள் இருவருக்கும் தனித்தனியாக 8 லட்சம், தனித்தனிக் கணக்கு, தனித்தனி நான்-ஓ என்றே தொடங்குங்கள். ஜோடிக் கணக்கு விசாவுக்குப் பயன்படாது. அது முடியாதவர்கள், மனைவி பெயரில் ஆறு மாதச் செலவுக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் போதுமான பணம் உள்ள தனிக் கணக்காவது திறந்து வையுங்கள். தாய்லாந்தில் உள்ள சொத்துக்கென்று தனி உயில் எழுதுங்கள்: தேதியிட்டு, ஒரே நேரத்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நிறைவேற்றுநர் பெயரையும் குறிப்பிட்டு. அந்த உயிலும் பாஸ்புக்கும் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது மனைவிக்கும், ஊரில் உள்ள பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.